பின்சீட் மூலையைப் பார்த்துத் திரும்பிய ஸ்பீக்கர்

ஒரு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து, என் புருஷன் இன்னொருத்தியைப் பிடித்துவிட்டார் என்று முடிவு கட்டியவள் நான். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவருடைய அண்ணன் வீட்டில் ‘இன்னொரு பெண்ணைப் பார்த்தால் என்ன’ என்று என் காதுபடவே பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தன் இரண்டு குடும்பம் வைத்துக்கொண்டால் ஊர் இரண்டு நாள் பேசும், மூன்றாம் நாள் விருந்துக்கு வரும். அப்படி ஒருத்தி வந்துவிட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள்.

மலாக்காவில் காஜா பெராங்கில் எங்களுக்குப் பலகை வீடு, மேலே தகரம். அவர் வாடகைக் கார் ஓட்டினார். நான் பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான், நாடு நம் கைக்கு வரப்போகிறது என்று ஆம்பளைகள் காப்பிக் கடையில் மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு நாடு யார் கைக்குப் போகிறது என்பதைவிட என் வீடு யார் கைக்குப் போகிறது என்பதுதான் கவலை.

காரில் ரேடியோ வைத்திருந்த வாடகைக்காரர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான். அதில் அவருக்கு மண்டைக்கனம். ரேடியோவோடு வந்த குட்டி ஸ்பீக்கர் போதவில்லை என்று, யாரோ கழித்துப்போட்ட கிராமபோன் ரேடியோவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்தார். முதல் நாள் அதை அப்படியே வெறுமனே பின்னால் கிடத்திப் பாட்டைப் போட்டார். ஈ முனகுவது போல இருந்தது. “இதுக்கா இந்த ஆட்டம்?” என்று நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “முன்னால வர்ற சத்தத்தைப் பின்னால வர்ற சத்தம் தின்னுடுது புள்ள. ரெண்டையும் பிரிச்சு வைக்கணும்” என்றார். மறுநாள் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, ஸ்பீக்கரை அதன் வாயில் திருகி, முதுகுப் பக்கத்தை அடைத்தார். உள்ளே திணிக்க என் தையல் வெட்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு போனார். மறுபடி பாட்டைப் போட்டதும் மேளம் என் நெஞ்சில் வந்து மோதியது. நான் வாயைப் பிளந்தேன், அவர் சிரித்தார்.

அந்தப் பெட்டியை முன்சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் வைத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக என் பக்கம் பார்க்கும்படி திருப்பிவைத்தார். “பாட்டோட வார்த்தை உனக்குத் தெளிவாக் கேக்கணும்ல” என்றார். சாயங்காலம் தமிழ்ப் பாட்டு போடுகிற நேரத்துக்கு, வீட்டு வாசலில் நிற்கிற காரில் நான் முன்சீட்டில், அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால். நான் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். பேட்டரி இறங்கிவிட்டால் மறுநாள் காலையில் நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளவேண்டும், அதற்கு வாங்குகிற ஏச்சும் சேர்த்துத்தான் அந்தப் பாட்டு. எங்களுக்குள் கொஞ்சல் குலாவல் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

பிறகு அவருக்கு நெஞ்சில் காசம் கண்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கை, தினமும் ஊசி. பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். பிழைத்து வந்தார், ஆனால் வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நான் அடுக்களையிலிருந்து “ஏங்க” என்றால் பதில் கிடையாது. முதுகுக்குப் பின்னால் நின்று “ஏங்க, சாப்பாடு எடுத்து வைக்கட்டா?” என்றால் செய்தித்தாளைப் புரட்டுவார். பக்கத்து வீட்டு லாரிக்காரர் ரோட்டிலிருந்து பேர் சொல்லி “டேய்” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கொல்லைப்புறத்திலிருந்து “ஆ, வரேன்டா” என்று ஓடுவார். அப்போ காது இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. இதை விட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வேண்டாத பெண்டாட்டி குரல் கொசு ரீங்காரம் மாதிரி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முகத்துக்கு நேரே பேசினால் மட்டும் சிரித்துத் தலையாட்டுவார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கொளுத்தியது. முன்னெல்லாம் நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிச் சொல்லிச் சண்டை போடுகிற ஆள் அவர். சண்டை போடாத புருஷன் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு மூக்கு வேர்த்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் காரில் ஏறினேன், பாட்டு மொத்தையாகக் கேட்டது. பாடுகிறவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பாடுவது போல இருந்தது. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, மேளம் மட்டும் திம் திம் என்று கார் முழுக்க உருண்டது. திரும்பிப் பார்த்தேன். பெட்டி இடம் மாறியிருந்தது. பின்சீட்டின் இடது மூலைக்குத் தள்ளி, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தரையும் சீட்டுப் பலகையும் கதவும் சேருகிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி வாய்க்கும் மூலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்.

“ஏன் திருப்பி வச்சீங்க?” என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஸ்பீக்கர் என்பது முகம் மாதிரி, யாருக்காக வைத்தோமோ அவர்களைப் பார்த்துத்தான் வைப்போம். எனக்காக வைத்தபோது என்னைப் பார்த்தது. இப்போது பின்சீட் இடது மூலையைப் பார்க்கிறதென்றால் அங்கே உட்காருகிறவள் எவளோ அவளுக்காக. இப்படித்தான் என் புத்தி போயிற்று. அடுத்த நாள் அவர் தூங்குகிற மத்தியான நேரத்தில் காரில் ஏறி ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து பார்த்தேன். ரேடியோவை மெதுவாகப் போட்டு, முன்சீட்டில் உட்கார்ந்தேன், வார்த்தை இல்லை. பின்சீட் வலது பக்கம், பரவாயில்லை. இடது மூலையில் உட்கார்ந்ததும் சீட்டு வழியாக மேளம் முதுகெலும்பில் ஏறியது. சரிதான், ராணிக்கு இங்கேதான் சிம்மாசனம் என்று பல்லைக் கடித்தேன். அங்கே பெட்டி அடைத்துக்கொண்டு கால் நீட்டக்கூட இடமில்லை. அப்படியானால் வருகிறவள் குட்டையாகத்தான் இருப்பாள் என்று அதையும் கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து காஜா பெராங்கில் குட்டையான பெண்கள் யாரைப் பார்த்தாலும் நின்று ஏற இறங்கப் பார்த்தேன். பாவம், அவர்களுக்குக் காரணம் தெரியாது.

ஒரு இடத்தில் மட்டும் நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. அது அவர் சீட். புருஷன் உட்காருகிற இடத்தில் ஏறி உட்காருவது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் பாதி உண்மை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பெட்டிக்குள் கடிதம் கிடிதம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். கத்தரிக்கோல் முனையால் திருகைக் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்துக் கையை விட்டுத் துழாவினேன். வந்ததெல்லாம் என்னுடைய வெட்டுத் துணிகள். பச்சை, ஊதா, மஞ்சள், எது எந்த வீட்டு ரவிக்கை என்று கூடச் சொல்லிவிடுவேன். கடிதம் கிடைக்காதது நிம்மதியாக இருக்கவேண்டும் அல்லவா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் துணியைத் திணித்து எவளுக்கோ மேளம் கொட்டுகிறாரே என்று துணியெல்லாம் தரையில் விசிறினேன். பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் பொறுக்கித் திணித்து, திருகை முறுக்கி வைத்தேன். ஒரு திருகைக் காணோம். அவர் சாயங்காலம் பாட்டு போட்டார், பெட்டி ஓரத்தில் கரகரவென்று ஒரு அதிர்வு. நான் வெளிறிப் போனேன். அந்தக் கரகரப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு நூலிழை வித்தியாசத்துக்குப் பெட்டியைப் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிற ஆள், வாயே திறக்கவில்லை. மனசு இங்கே இருந்தால்தானே என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் பெண்டாட்டி எண்ணெய் ஊற்றினாள். “ஒன் வீட்டுக்காரரோட காரு வியாழக்கிழமை வியாழக்கிழமை செட்டிக் கம்போங்குல நிக்குதே, ஏன்லா?” என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “வாடகைக்கு ஆளு ஏத்தப் போயிருப்பாரு” என்றேன். “வாடகைக்கா? ஒரு மணி நேரமாவா?” என்று அவள் இழுத்தாள். அவள் இழுத்த இழுப்பு மூன்று நாள் என் காதில் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தையலைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கிளம்பினேன். செட்டிக் கம்போங் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவில் குடியேறிய தமிழ்ச் செட்டிகளின் குடியிருப்பு அது; எங்கள் சாமிகளையே கும்பிடுவார்கள், பெண்கள் மலாய்க்காரிகள் மாதிரி கெபாயா சட்டை போடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். ஒரு கோயில் சுவரோரமாக நின்றுகொண்டேன். அவர் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்தது. கெபாயா போட்ட ஒருத்தி சிரித்துக்கொண்டே அவரை உள்ளே கூப்பிட்டாள். குட்டைதான்! என் கணக்கு தப்பவில்லை. வெயிலில் நின்ற எனக்கு உடம்பு குளிர்ந்துபோனது. அழுகை வந்தால் அழுதிருப்பேன், கோபம் முந்திக்கொண்டது.

அவர் போகிறவரைக்கும் காத்திருந்தேன். கார் திரும்பியதும் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன், செருப்பைக் கூடக் கழற்றவில்லை. “என் புருஷன் இங்க எதுக்குடி வர்றாரு?” என்று தமிழில் ஆரம்பித்து, அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் மலாயில் கத்தினேன். அவள் மிரண்டுபோய் உள்ளே கையைக் காட்டினாள். உள்ளே ஒரு மேஜை, மேஜை முழுக்கப் பிரித்துப்போட்ட ரேடியோக்கள், நடுவில் கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலோடு ஒரு ஆள். அவள் புருஷன். ரேடியோ பழுது பார்க்கிறவர்.

“அலாமா, அக்கா, உட்காருங்க” என்று பதறினார். அக்கா என்பதைத் தவிர மற்றதெல்லாம் மலாய்தான். நான் உட்காரவில்லை. என் புருஷனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஸ்பீக்கர் வேலை என்றார். எந்தப் பொம்பளைக்காக அந்த மூலையில் திருப்பி வைத்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஆள் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அவர் வாயால் விளக்கவில்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியை அறையின் நடுவில் வைத்துப் பாட்டுத் தட்டைச் சுழலவிட்டார். கண்ணை மூடு அக்கா, சத்தம் எங்கிருந்து வருகிறது கைகாட்டு என்றார். காட்டினேன், சரியாக இருந்தது. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறை மூலையில் சுவரைப் பார்த்து வைத்தார். வார்த்தை மங்கியது, மேளம் இரண்டு மடங்கு ஆனது. மறுபடி கண்ணை மூடினேன். அறைக்குள் நடந்து நடந்து கைகாட்டினேன். ஒவ்வொரு தடவையும் தப்பு. ஜன்னல் பக்கம் நின்றாலும் அதே மேளம், கதவுப் பக்கம் நின்றாலும் அதே மேளம். “சுவாரா பெசார் தாடா மூக்கா” என்றார். பெரிய சத்தத்துக்கு, அதாவது மேளம் மாதிரிக் கனத்த சத்தத்துக்கு, முகம் கிடையாது என்று அர்த்தம். பாட்டு வார்த்தை மாதிரி மெல்லிசான சின்னச் சத்தம்தான் ஒரு திசையைப் பார்த்துப் போகும், வாய்க்கு முன்னால் இருப்பவனுக்குத்தான் கிடைக்கும். பெரிய சத்தத்தை மூலையில் விட்டால் தரையும் சுவரும் சேர்ந்து அதை ஊதிப் பெருக்கி, எல்லா இடத்துக்கும் ஒன்றுபோலக் கொடுக்கும். மூலையைப் பார்க்கிறது என்பதால் மூலையில் இருப்பவளுக்கு என்று ஆகாது, கார் ஓட்டுகிறவனுக்கும் அதே அளவு கிடைக்கும் என்றார்.

சரி, அது எனக்குப் புரிந்தது. “அப்ப வார்த்தை கேக்க வேண்டாமா? பாட்டுல வார்த்தை வேண்டாம்னு எவனாவது சொல்லுவானா?” என்று கேட்டேன். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். உன் புருஷன் வார்த்தை வேண்டாம் என்றுதான் சொன்னார், பெரிய சத்தம் மட்டும் போதும், அதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிக் கொடு என்று நாலு வாரமாக வருகிறார், ஏன் என்பதை அவரையே கேள் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடப் பெயரவில்லை. சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

யோக்கியமானவளாக இருந்திருந்தால் அங்கேயே எனக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கவேண்டும். திரும்பி நடக்கும்போதே வேறொன்றைக் கண்டுபிடித்தேன். ஆஹா, மேளத்தைப் பெரிதாக்கினால் காருக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வது வெளியே கேட்காது! அதற்குத்தான் இத்தனை வேலையும். இவ்வளவு சாமர்த்தியமா இந்த மனுஷனுக்கு என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். இப்போது நினைத்தால் என்னையே ஒரு அறை விடத் தோன்றுகிறது.

அடுத்த நாள் காலை அவருக்குப் பஸ் ஸ்டாண்டில் வேலை. சிங்கப்பூரிலிருந்து வருகிற துணி மூட்டையை இறக்கிப் பெண்டஹாரா ரோட்டுக் கடையில் சேர்க்கவேண்டும். எனக்கும் அதே கடைக்கு ரவிக்கை கொடுக்கவேண்டியிருந்தது, கூடவே ஏறிக்கொண்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கேட்டுவிடுவது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“எவ அவ?”

அவர் கியரை மாற்றிக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தான் கேக்குறேன். எவளை வச்சிருக்கீங்க?”

அவர் என் பக்கம் லேசாகத் திரும்பி, சிரித்து, “ம்ம், சரி, வாங்கிட்டு வரேன்” என்றார்.

எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. இவ்வளவு பெரிய கேள்விக்கு நக்கலா? வீட்டுக்குப் போனதும் துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு அவர் இறங்கிப் போனார். நாலைந்து பஸ்கள் எஞ்சின் ஓடியபடி நின்றன. மூட்டை தரையில் கிடந்தது, கயிறு அவிழ்ந்திருந்தது. அவர் குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்ற பஸ் மெல்லப் பின்வாங்கியது. கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் நடந்துகொண்டே விசிலை ஊதினான், விடாமல் ஊதினான். அந்த விசிலுக்கு எல்லாரும் விலகினார்கள், அவரும் விலகுவார் என்றுதான் அவன் நினைத்திருப்பான். அவர் விலகவில்லை.

“ஏங்க!” என்றேன். கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி மறுபடி “ஏங்க! ஏங்க!” என்று கீச்சுக்குரலில் கத்தினேன். எனக்கு அப்பால் நின்ற பழக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள். அவர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் இரண்டு கை நீளம் இருக்குமா, அதுவும் இல்லை.

நான் யோசித்துச் செய்யவில்லை. அடிவயிற்றிலிருந்து, லாரிக்காரர் கூப்பிடுவாரே அந்தக் குரலில், அவர் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். பேரைச் சொன்னதோடு விட்டேனா? பின்னாலேயே “டேய்!” என்றும் சேர்த்துவிட்டேன். தாலி கட்டிய நாளிலிருந்து கோயில் அர்ச்சனைக்குக்கூட அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை, பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வேன். இங்கேயும் எழுதமாட்டேன்.

அவர் விருட்டென்று நிமிர்ந்தார். பின்னால் பஸ்ஸைப் பார்த்தார், ஒரே தாவாகத் தாவி விலகினார். பஸ் மூட்டையின் மேல் ஏறி நின்றது. கண்டக்டர் வாயில் விசிலோடு ஓடிவந்து மலாயில் திட்டினான். அவர் அவனைக் கவனிக்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்து, “யாரோ நம்ம ஆளு கூப்பிட்டானே, எங்க அவன்?” என்று கேட்டார். கண்டக்டர் என்னைக் கைகாட்டினான். பழக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காருக்குள் வந்து உட்கார்ந்தோம். “விசில் ஊதினானே, கேக்கலையா?” என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த விசில்?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுக்களை, செய்தித்தாள், கரகரத்த பெட்டி, சிரிப்பு, ‘வாங்கிட்டு வரேன்’, எல்லாம். கன்னத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். “எத்தனை நாளா?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

அவர் என் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, “ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்களே, அதுலேருந்து” என்றார். “எல்லாம் போகலை. லாரி கேக்குது, மேளம் கேக்குது, ஆம்பளைங்க பேசுறது முக்காவாசி கேக்குது. சைக்கிள் பெல்லு, குருவி, பாட்டுல பொம்பளைக் குரல், இதெல்லாம் இல்ல.”

“மொதல்ல எது போச்சு?”

“உன் குரல்தான்” என்றார்.

நான் அழுதேன். அவரும் அழுதார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். செவிடன் என்று தெரிந்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், அண்ணன் வீட்டில் சீக்காளி என்று சொல்வது போதாமல் செவிட்டுப் பட்டமும் சேரும், நீயும் எத்தனை நாள் இவனோடு இழுத்துக்கொண்டு கிடப்பாய், அதனால்தான் சொல்லவில்லை என்றார். “பாட்டுல எனக்கு மேளம் ஒண்ணுதான் மிச்சம். அதையாவது பெருசா வச்சுக்கிட்டா சாயங்காலம் உன் பக்கத்துல உக்காந்து நானும் கேக்கிற மாதிரி இருக்கும்ல” என்றார். நான் அந்த மூலையில் ஒரு குட்டைப் பெண்ணை உட்காரவைத்திருந்த கதையை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

காரைக் கிளப்பப்போனவர் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்ப கூப்பிட்டியே” என்றார், “அது மாதிரி இன்னொரு தரம் கூப்பிடு.” நான் குரலைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து, ‘டேய்’ இல்லாமல் கூப்பிட்டேன். “கேக்குது” என்றார்.

அந்த மாதமே காரை விற்கவைத்தேன். குழந்தைகள் சைக்கிளில் போகிற ரோட்டில் அந்தக் காதோடு ஓட்டவிட எனக்கு மனசு வரவில்லை. இடுப்புவலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அவர் பண்டார் ஹிலிரில் ஒரு அரிசிக் கிடங்கில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். அங்கே எல்லாம் ஆம்பளைக் குரல், சமாளித்துக்கொண்டார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் காரை விற்றவன் என்று தெரு பேசியது. குரலைத் தாழ்த்தி ‘ஏங்க’ என்றால் அவருக்குப் பாதிதான் எட்டும், பேர் சொன்னால்தான் திரும்புவார்; அப்படி வாசலில் நின்று நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தபோது தெருவுக்குப் பேச வேறு விஷயமே தேவைப்படவில்லை. அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள், இவளுக்கு எவனோ இருக்கிறான், அதுதான் இந்தத் திமிர் என்றார்கள். கடைத்தெருவில் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

லாரிக்காரர் பெண்டாட்டி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நேரடியாகவே கேட்டாள். “ஏன்லா, கட்டுன புருஷனை மாடு மேய்க்கிற பையனைக் கூப்பிடுற மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிடுறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மேல் இருந்த பழியெல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை ‘செவிடு’. அவரைச் செவிடன் என்று சொல்வதைவிட என்னை அடங்காப்பிடாரி என்று சொல்லிவிட்டுப் போகட்டும். “என் புருஷன், என் வாய். ஒனக்கென்னடி?” என்றேன். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி அவர் பேரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் வந்தார்.